ட்ரொப் ஆர்மின் உருண்டை: பழைய டிஃபெண்டரில் ஸ்டியரிங் போல் ஜொயின்ட் மாற்றுதல்

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் நேர் வீதியில் இடமும் வலமும் அலைந்துகொண்டு போனால், கராஜ்களில் வழக்கமாக முதலில் மாற்றப்படுவது ஸ்டியரிங் டேம்பர், அதாவது ஸ்டியரிங்கின் உதறலை அடக்கும் ஷொக். அதிலும் சரிவரவில்லை என்றால் ஸ்டியரிங் பொக்ஸின் மேலிருக்கும் அட்ஜஸ்டர் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கிவிடுவார்கள். இரண்டும் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலைக் குறைக்கிற வைத்தியம். புது டேம்பர், தேய்ந்த போல் ஜொயின்ட்டின் (கிண்ணத்துக்குள் உருண்டை சுழலும் மூட்டு) ஆட்டத்தைச் சில மாதங்களுக்கு அமுக்கி வைக்கும். அதற்குள் ஜொயின்ட் இன்னும் தேயும். ஸ்க்ரூவை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், சந்தியில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. பொக்ஸின் உள்ளேயிருக்கும் பாகங்களும் வீணாகத் தேயும். பொக்ஸ் விலையான சாமான், ஜொயின்ட் மலிவான சாமான். மலிவானதை முதலில் பார்ப்பதுதான் முறை.

இங்கே பேசுவது சுருள் ஸ்பிரிங் வந்த பிறகான வண்டிகளைப் பற்றி: 1983இல் வந்த 110, 1984இல் வந்த 90, 1990இலிருந்து டிஃபெண்டர் என்ற பெயரோடு வந்தவை. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் பார்க்க வேண்டிய ஜொயின்ட் நான்கு. ஸ்டியரிங் பொக்ஸிலிருந்து வரும் ட்ரொப் ஆர்ம் என்ற இரும்புக் கையின் நுனியில் ஒன்று. அதிலிருந்து எதிர்ப்பக்கச் சில்லுக்குப் போகும் டிராக் லிங்க் என்ற தண்டின் மறு முனையில் ஒன்று. இரண்டு சில்லுகளையும் அக்ஸிலுக்குப் பின்னால் இணைக்கும் டை ரொட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று. இலை ஸ்பிரிங் கொண்ட பழைய சீரிஸ் வண்டிகளில் இடையில் அசைவைக் கடத்தும் ரிலே ஒன்றும் இருப்பதால் ஜொயின்ட் ஆறு: மூன்று இடது மரை (எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகுவது), மூன்று வலது மரை.

நான்கில் டை ரொட் எண்ட்களை எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மாற்றுவார்கள். ட்ரொப் ஆர்மின் உருண்டையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது தனியாகக் கழன்று வரும் ஜொயின்ட் இல்லை. ஆர்மின் நுனியிலேயே குழிந்த வீட்டுக்குள் உருண்டை, மேல் கிண்ணம், கீழ்க் கிண்ணம், ஸ்பிரிங், மூடித்தட்டு, அதைப் பிடித்து வைக்கும் சேர்க்ளிப் என்ற ஸ்பிரிங் வளையம் என்று அடுக்கி வைக்கப்பட்டது. மூடித்தட்டின் ஓரத்தால் தண்ணீர் இறங்கி உள்ளே துரு பிடித்தால், வெளியே ரப்பர் பூட் (ஜொயின்ட்டை மூடும் உறை) புதிது போலத் தெரிந்தாலும் உருண்டை முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் வீதியோரம் நிற்கும் வண்டிகளும், தென்மேற்கு மழையில் முழங்கால் தண்ணீருக்குள் ஓடும் வண்டிகளும் இதற்கு நல்ல உதாரணம். வருடா வருடம் போகும் புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். ஸ்டியரிங்கின் கீழே எட்டிப் பார்க்காது.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்க வண்டியை ஜக்கில் தூக்க வேண்டாம். நான்கு சில்லும் தரையில், பாரம் சில்லில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங் சில்லை நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சமாக, தொடர்ந்து அசைக்கட்டும். கியர் நியூட்ரலில், சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சின் ஃபேனுக்குக் கை போகாத பக்கமாகப் படுத்து, ஒவ்வொரு ஜொயின்ட்டின் மேலும் உள்ளங்கையை வையுங்கள். விரல்கள் ஒரு பாகத்தில், உள்ளங்கை மற்றப் பாகத்தில். ஆர்ம் அசைந்து, டிராக் லிங்க் ஒரு கணம் தாமதித்து அசைந்தால் கைக்கு அது ஒரு தட்டலாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூடக் கைக்குத் தெரியும்.

இதில் ஒரு விஷயம் பலரைக் குழப்பும். இந்த ஜொயின்ட்களுக்குள் ஸ்பிரிங் உண்டு. வோட்டர் பம்ப் பிளையரால் ஊசியின் (உருண்டையிலிருந்து வெளியே நீளும் தண்டின்) நீளவாக்கில் அமுக்கினால் கொஞ்சம் அமுங்கி, விட்டதும் மீளும். அது பழுது இல்லை. பக்கவாட்டில் ஆடினால், அல்லது அமுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் ‘டொக்’ என்று இறங்கினால்தான் பழுது.

அதே நேரத்தில் பான்ஹார்ட் ரொட்டின் புஷ்களையும் (முனைகளில் உள்ள ரப்பர் உறைகளையும்) பாருங்கள். அந்த ரொட்தான் அக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கிறது. அதன் புஷ் தேய்ந்திருந்தால் ஸ்டியரிங் அசையும்போது சில்லு திரும்புவதற்கு முன்னால் அக்ஸிலே ஒரு பக்கம் நகரும். போல் ஜொயின்ட் நான்கையும் மாற்றினாலும் அலைச்சல் போகாது. குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கையை உதறித் தள்ளும் அளவுக்கு நடுங்கினால், ஸ்விவல் பின் (முன் சில்லு இடம் வலமாகத் திரும்பும் அச்சு), சில்லு பெயாரிங், சில்லு பலன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிறகுதான் பணத்தை எடுக்கலாம்.

ட்ரொப் ஆர்ம் உருண்டைதான் குற்றவாளி என்று முடிவானால் இரண்டு வழி. ஆர்பிஜி 000010 என்ற இலக்கத்தில் வரும் ரிப்பெயார் கிட் ஒன்று. முழு ஆர்மையும் மாற்றுவது மற்றது. கிட் மிகவும் மலிவு. ஆனால் வீட்டின் உட்புறச் சுவர் துருவால் குழிந்திருந்தாலோ, சேர்க்ளிப் இருக்கும் வெட்டு தின்னப்பட்டிருந்தாலோ கிட் போட்டுப் பிரயோசனமில்லை. சேர்க்ளிப் வெளியே பாய்ந்தால் உருண்டையைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. இதை ஆர்மைக் கழற்றித் துடைத்த பிறகுதான் பார்க்க முடியும் என்பதால், முதலில் கழற்றுங்கள், பிறகு வாங்குங்கள். வெட்டு தேய்ந்த ஆர்மில் மூடித்தட்டைச் சுற்றி வெல்டிங் அடித்துக் கொடுக்கும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். ஸ்டியரிங் பாகத்தில் வெல்டிங் வேண்டாம். இதில் விவாதத்துக்கே இடமில்லை: சூட்டில் உள்ளேயிருக்கும் கிறீஸ் எரியும், ஆர்மின் இரும்பு தன் தன்மையை இழக்கும், அடுத்த முறை எதுவும் கழராது.

வேலைக்கு முன் ஸ்டியரிங்கை நேராக்கி, சில்லுகளும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். லேண்ட் ரோவரின் கைப்பிரேக் சில்லுகளில் இல்லை. முன், பின் அக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்னால், ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்று தரையை விட்டுக் கிளம்பினால் கைப்பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். எனவே முன்பக்கம் மட்டும் தூக்கினாலும் பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பாரம் ஜக்கில் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கட்டும். கொழும்பு ஒழுங்கைகளில் சரிவும் உடைந்த தாரும்தான் அதிகம். ஸ்டாண்டின் கீழ் தடித்த பலகை போடாமல் படுக்க வேண்டாம். சீமெந்துக் கல்லை வைத்துவிட்டுக் கீழே போவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

டிராக் லிங்கை ஆர்மிலிருந்து பிரிப்பதில்தான் நேரம் போகும். ஊசி கூம்பு வடிவில் இருப்பதால், நட் கழன்றாலும் கூம்பு துளைக்குள் பிடித்துக்கொண்டே இருக்கும். நட் கழலாமல் தடுக்கும் கொட்டர் பின்னைப் பிடுங்கி, நட்டை ஊசியின் முனைக்குச் சமமாக வரும் வரை மட்டும் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். அது மரையைக் காப்பாற்றும், திடீரென்று விடுபட்டால் லிங்க் முகத்தில் விழாமலும் பார்த்துக்கொள்ளும். பிறகு இரண்டு கிலோ சுத்தியல் ஒன்றை, ஊசி நுழையும் துளையுள்ள முனையான கண்ணின் ஒரு பக்கத்தில் முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் மற்றச் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. ஊசியில் அடிக்கக் கூடாது. ஊசியைச் சுற்றியிருக்கும் கண்ணின் பக்கச் சுவரில் அடிக்க வேண்டும். கண் ஒரு கணம் நீள்வட்டமாக நசுங்கும்போது கூம்பு விடும். மெதுவாகப் பத்து அடி அடிப்பதால் எதுவும் நடக்காது.

ஜொயின்ட்டைப் பிரிக்கும் கத்தரி வடிவ ஸ்பிளிட்டர் இருந்தால் அதைப் பூட்டி இறுக்கி, அந்த இறுக்கத்தில் வைத்துக்கொண்டே பக்கச் சுவரில் ஒரு அடி. கவட்டை வடிவ இரும்பை ஆப்பு அடிப்பது போல அடித்து ஏற்றுவதும் வேலை செய்யும், ஆனால் பூட் கிழியும். எப்படியும் குப்பைக்குப் போகும் ஜொயின்ட்டுக்கு மட்டும் அதைப் பாவியுங்கள்.

ஆர்மை ஸ்டியரிங் பொக்ஸிலிருந்து கழற்றுவது அடுத்தது. பெரிய நட், அதன் லொக் வோஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்திய பிறகு, முக்கால் அங்குல டிரைவ் சொக்கட்டும் நீளக் குழாயும் தேவைப்படும். நட்டைக் கழற்றும் முன் ஆர்மிலும் ஷாஃப்ட்டிலும் சென்டர் பஞ்ச் என்ற கூரிய இரும்பால் நேருக்கு நேர் புள்ளி போடுங்கள். பெயின்ட் அடையாளம் டீசலால் கழுவும்போது போய்விடும். இழுக்க இரண்டு கால் புல்லர், நல்ல கனமானது. பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய புல்லர்கள் இந்த ஆர்மில் காலை விரிக்கும். புல்லரை முழுதாக இறுக்கிவிட்டு, அதன் நடு போல்ட்டின் தலையில் இலேசாகத் தட்டி, கொஞ்சம் காத்திருந்து, மீண்டும் கால் சுற்று இறுக்குங்கள். பொறுமைதான் இங்கே ஆயுதம். ஆர்மைச் சுத்தியலால் கீழ்நோக்கி அடித்தால் அந்த அதிர்ச்சி அப்படியே பொக்ஸின் ஷாஃப்ட்டுக்கும் பெயாரிங்குக்கும் போகும். காஸ் டோர்ச் பிடித்தால் ஷாஃப்ட் சீல் கருகி, அடுத்த கிழமையே ஒயில் சொட்டத் தொடங்கும்.

கழற்றிய ஆர்மைச் சுத்தமாக்கிய பின் பூட்டை அகற்றி, ஊசி கீழே தொங்கும்படி, வீட்டின் இரு பக்கத்துக்கும் முட்டுக் கொடுத்து பிரஸ்ஸில் வையுங்கள். மூடித்தட்டைப் பிரஸ்ஸால் அமுக்கி ஸ்பிரிங்கின் பாரத்தை எடுத்த பிறகே சேர்க்ளிப்பைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் தட்டும் ஸ்பிரிங்கும் முகத்துக்குப் பாயும். பிரஸ் இல்லாதவர்கள் ஏதாவதொரு லேத் கடைக்கு ஆர்மைக் கொண்டு போகலாம்; சின்ன வேலைதான். பெரிய வைஸிலும் செய்யலாம், ஆனால் மூடித்தட்டு நேராக இறங்க வேண்டும்.

பாரத்தை மெதுவாக விட்டு, தட்டு, ஸ்பிரிங், மேல் கிண்ணம், ஓ ரிங் எல்லாவற்றையும் எடுங்கள். உருண்டை இன்னும் வராது. முரட்டு விளிம்புள்ள ஒரு வளையம் அதைப் பிடித்திருக்கும். ஊசியின் மரை முனையைத் தட்டினால் வளையமும் உருண்டையும் சேர்ந்து வெளியே வரும். கடைசியாகக் கீழ்க் கிண்ணம். கூரான பஞ்சால் தட்டி எடுக்க வேண்டும். பிடிவாதம் பிடித்தால் இந்த இடத்தில் மட்டும், அதுவும் ஆர்ம் வண்டியை விட்டுக் கழன்ற நிலையில், வீட்டை இலேசாகச் சூடாக்கலாம்.

இப்போது வெட்டையும் சுவரையும் வெளிச்சத்தில் பாருங்கள். பழைய சேர்க்ளிப்பை வெட்டில் வைத்து விரலால் சுழற்றினால் முழுச் சுற்றும் ஒரே ஆழத்தில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் எழும்பி நின்றால் முழு ஆர்ம் வாங்குங்கள்.

நன்றாக இருந்தால் பிசிறுகளை அராவி எடுத்துவிட்டு, புதுக் கீழ்க் கிண்ணத்தை அதன் தோளில் முட்டும் வரை நேராக அமுக்குங்கள். உருண்டையைக் கிறீஸில் தோய்த்து இறக்கி, சுற்றிவரக் கிறீஸால் நிரப்புங்கள். லிதியம் ஈபி 2 போதும். பிறகு முரட்டு விளிம்பு வளையம், மேல் கிண்ணம், ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் குறுகிய முனை உருண்டையின் பக்கம். மாறிப் போட்டாலும் மூடி மூடும், அதனால்தான் கவனம் தேவை. ஓ ரிங்குக்குக் கிறீஸ் தடவி, தட்டை அமுக்கி, சேர்க்ளிப்பைப் போட்டு, அது வெட்டில் முழுதாக உட்கார்ந்ததா என்று பஞ்சால் சுற்றிவரத் தட்டிப் பாருங்கள். முடிந்ததும் ஊசியைக் கையால் அசைத்தால் இறுக்கமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசைய வேண்டும். மூடித்தட்டின் ஓரத்தில் இறுதியாக ஒரு விரல் கிறீஸ் பூசினால், முதல் உருண்டையைத் தின்ற தண்ணீர் இதற்குள் இறங்கக் கொஞ்சக் காலமாவது எடுக்கும்.

ஆர்மைப் புள்ளிக்குப் புள்ளி பொருத்தி, நட் 176 நியூட்டன் மீற்றர். லொக் வோஷர் புதிது, மடிப்பு மறக்க வேண்டாம். டிராக் லிங்க் ஊசியின் நட் 40 நியூட்டன் மீற்றர். இந்த 40 பலருக்கும் குறைவாகத் தெரியும், குழாய் போட்டு இறுக்குவார்கள். கூம்பு தன் வேலையைத் தானே செய்யும். மிஞ்சி இறுக்கினால் கண் விரியும், பிறகு அந்த லிங்க் எந்த ஊசியையும் சரியாகப் பிடிக்காது. கொட்டர் பின் துளை நேருக்கு வரவில்லை என்றால் அடுத்த வெட்டு வரும் வரை கொஞ்சம் இறுக்குவதுதான் முறை, தளர்த்துவது இல்லை. இறுக்கும்போது ஊசி சேர்ந்து சுற்றினால் கூம்பு உட்காரவில்லை என்று அர்த்தம்: இரண்டு கூம்பிலும் கிறீஸைத் துடைத்து, ஜீ கிளாம்பால் கண்ணையும் ஆர்மையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு இறுக்குங்கள்.

டை ரொட் எண்ட்கள் இதை விட இலகு. வலது மரைக்கு ஆர்டிசி 5869, இடது மரைக்கு ஆர்டிசி 5870. கடைக்காரர் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொன்னால் மரையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழையதைக் கழற்றும் முன் ஊசி நடுவிலிருந்து குழாயின் ஓரம் வரை அளந்து எழுதுங்கள். சுற்றுக்களை எண்ணுவதை விட இது நம்பகமானது, ஏனென்றால் புது எண்டின் உடல் நீளம் பழையது போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மரை துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு ஒயில் ஊற்றி வையுங்கள். புதியதைப் போடும்போது மரைக்குச் செப்புக் கிறீஸ். கிளாம்ப் போல்ட் 14 நியூட்டன் மீற்றர் மட்டும். அதை இறுக்கும் முன் இரு முனை ஜொயின்ட்களையும் ஒரே திசையில் தட்டிச் சாய்த்து விடுங்கள். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகச் சாய்ந்திருந்தால் கரடுமுரடான பாதையில் அக்ஸில் முறுகும்போது ஒரு ஜொயின்ட் தன் எல்லையில் முட்டி ஊசியை வளைக்கும். வெல்லவாயப் பக்கம் காட்டுப் பாதையில் போகாதவருக்கும் கொழும்பின் வேகத்தடைகளே போதும்.

வாங்கும்போது புது ஜொயின்ட்டின் ஊசியை விரலால் அசைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். தானாகச் சாய்ந்து விழுந்தால் திருப்பிக் கொடுங்கள். லெம்ஃபோர்டர், டிஆர்டபிள்யூ போன்ற கம்பனிகளின் ஜொயின்ட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் நட்டமில்லை. பெட்டியின் அச்சு எதையும் நிரூபிக்காது. கூம்பு பொருந்துகிறதா என்று பார்க்க, ஊசியில் மார்க்கர் பேனாவால் நீளக் கோடுகள் போட்டு, துளையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். கோடுகள் முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் சரி. மேலே அல்லது கீழே மட்டும் அழிந்திருந்தால் அந்த ஜொயின்ட் அந்த வண்டிக்கு இல்லை.

இனி, அதிகம் பிழை நடக்கும் இடம். ட்ரொப் ஆர்ம் உருண்டையை மட்டும் மாற்றினால் எந்த நீளமும் மாறாது, எலைன்மென்ட் தேவையில்லை. டை ரொட் எண்டை மாற்றினால் முன் சில்லுகளின் கோணம் மாறும். டிராக் லிங்கின் எண்டை மாற்றினால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் சில்லு சரிந்து நிற்கும். இதைத் திருத்த, ஸ்டியரிங் சில்லைக் கழற்றி இரண்டு பல் தள்ளிப் போடுவார்கள். பார்க்க நேராகிவிடும், ஆனால் பொக்ஸ் நடுவில் இருக்காது. இந்தப் பொக்ஸ் நடுப் புள்ளியில் மட்டும் இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது; நடுவை விட்டு விலகினால் இயல்பாகவே கொஞ்சம் தளர்ச்சி உண்டு. வண்டி நேராக ஓடும்போது பொக்ஸ் நடுவில் இல்லாவிட்டால், அந்தத் தளர்ச்சியிலேயே நாள் முழுதும் ஓட்டுவீர்கள். புது ஜொயின்ட் போட்டும் அலைச்சல் போகவில்லை என்று வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். பொக்ஸை ஒரு முட்டிலிருந்து மறு முட்டு வரை சுற்றி, சுற்றுக்களைப் பாதியாக்கி நடுவில் நிறுத்துங்கள். பிறகு சில்லுகள் நேராகும் வரை டிராக் லிங்கின் நீளத்தைத் திருத்துங்கள். ஸ்டியரிங் சில்லை அதன் பிறகு தொடலாம்.

முன் சில்லுகளுக்கு, சுருள் ஸ்பிரிங் வண்டிகளில் 0 முதல் 2 மில்லிமீற்றர் வரை வெளிநோக்கி. சாதாரணக் கார்களுக்கு உள்நோக்கி வைத்துப் பழகிய எலைன்மென்ட் கடைகளில் இதை முதலே எழுதிக் கொடுங்கள். எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் வண்டி என்பதால், ஓடும்போது முன் சில்லுகள் தாமாகவே உள்நோக்கி இழுபடும். அதற்காகத்தான் இந்த வெளிநோக்கம். வழமையில் பின் சில்லால் ஓடும் சீரிஸ் வண்டிக்கு இதற்கு நேர்மாறு: 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் உள்நோக்கி.

கடைக்குப் போகாமலும் அளக்கலாம். வண்டியைச் சமதரையில் கொஞ்சம் முன்னே உருட்டி நிறுத்துங்கள். இரு முன் டயர்களின் பின்பக்கத்தில், சில்லின் மையத்தின் உயரத்தில், டயரின் நடுவில் சோக்கால் கோடு போட்டு இரண்டுக்கும் இடையே அளந்து எழுதுங்கள். வண்டியை அரைச் சுற்று முன்னே உருட்டினால் அதே கோடுகள் முன்பக்கம் வரும், திரும்ப அளவுங்கள். முன் அளவு பின் அளவை விடக் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் வெளிநோக்கம். அதே கோடுகளைப் பாவிப்பதால் டயர் கோணலாக இருந்தாலும் அளவு பிழையாகாது.

முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் ஒரு முறை பாருங்கள். கிறீஸ் நிப்பிள் உள்ள ஜொயின்ட் என்றால், பூட் உப்பத் தொடங்கியதும் கிறீஸ் கன்னை நிறுத்துங்கள். பூட் வெடித்தால் அந்த வழியே மண் உள்ளே போகும். சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவும்போது தண்ணீர்க் குழாயை பூட்டுக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். கழுவிய பிறகு அடிப்பாகத்துக்குப் பழைய ஒயில் அடித்துத் தரச் சம்மதித்தால், ரப்பர் பூட்கள் அதில் ஊறி ஒரு வருடத்துக்குள் மெழுகு போல் ஆகும்.